விதிவிலக்குப் பட்டியலில் ஒரு வரி

காலை ஒன்பது ஐந்துக்குத் தொலைபேசி அடிக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் பூட்டு தொலைபேசிக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நாற்பத்தாறு வயது ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த அறையில் ஆளும் இல்லை.

பூட்டு என்பது பட்டப்பெயர். அவர் வேலை பார்ப்பது பார்சல் அனுப்பும் ஒரு கம்பெனியில். ஆயிரத்துச் சொச்சம் கணினிகள். அவற்றுக்குள் தகவல் திருடும் மென்பொருள் எதுவும் நுழையாமல் பார்த்துக்கொள்கிற பாதுகாப்பு மென்பொருள் ஒன்று உண்டு. அதற்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் காவலாளி. அந்தக் காவலாளியைக் கட்டி மேய்ப்பது இவர் வேலை. எதைத் தொட்டாலும் திரையில் ‘அனுமதி இல்லை’ என்று வருவதற்கு இவர்தான் காரணம் என்று ஊழியர்கள் எல்லாரும் மனதார நம்பினார்கள். அதனால் பூட்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ.

மூன்றாம் மாடியில் அந்த அறை. ஒரு காலத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் கத்திக்கொண்டிருந்த இடம். பிறகு புகார்களை எழுத்தில் அனுப்பினால் போதும் என்று உத்தரவு வந்தது. பாதிப் புகாருக்கு இயந்திரமே பதில் சொல்லிவிடும். ஏழு பேர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நாற்காலிகள் மட்டும் கழலவில்லை. அதில் ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, இன்னொன்றின் முதுகில் யாரோ மறந்துவிட்டுப் போன பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை இரண்டு வருடமாகத் தொங்குகிறது. குளிர்சாதனம் அடிக்கிற காற்றில் அதன் கை லேசாக ஆடும். முதல் சில மாதம் பூட்டு அதைப் பார்த்துத் திடுக்கிட்டுக்கொண்டிருந்தார். இப்போது பழகிவிட்டது.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது. ஒரு படுக்கையறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். அம்மா போய் இரண்டு வருடமாகிறது. அண்ணனும் அண்ணியும் வேறு ஊரில். குடும்பக் குழுவில் அண்ணன் தினமும் ஒரு பூவின் படத்தைப் போட்டுக் காலை வணக்கம் சொல்வார். பூட்டு பதிலுக்குக் கும்பிடுகிற கையைப் போடுவார். அண்ணன் தம்பி உறவு இந்தப் பூவிலும் கையிலும் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது.

அந்தக் கேள்வியைக் கேட்டது முகவரிக்காரம்மாதான்.

அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது. கம்பெனியின் கிடங்குக் கட்டடத்தில், முகவரிப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. அரைகுறை முகவரியோடு வந்து தேங்கி நிற்கும் பார்சல்களுக்கு, பழைய பதிவுகளைத் துழாவி, தேவைப்பட்டால் ஃபோன் போட்டு, சரியான முகவரியைக் கண்டுபிடித்துத் திருத்துவது அவர் பிரிவின் வேலை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அவருடைய கணினியில் இருந்தது. அது நிமிடத்துக்கு முந்நூறு சொல் வேகத்தில் பொரிந்து தள்ளுவதால் அதற்கு அவர் வாயாடி என்று பெயர் வைத்திருந்தார்.

ஒருநாள் காலை வாயாடி வாயை மூடிக்கொண்டது. காவலாளிக்கும் வாயாடிக்கும் முட்டிக்கொண்டதுதான் காரணம். திரையை எட்டிப் பார்ப்பது, தட்டுகிற விசைகளைக் கவனிப்பது, இப்படிப்பட்ட திருட்டுகளைப் பிடிப்பதுதான் காவலாளியின் பிழைப்பு. வாயாடியும் திரையில் இருப்பதையெல்லாம் படிக்கிறது, தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் கவனிக்கிறது. ஆனால் அதைத் திருடனிடம் கொண்டுபோய்க் கொடுக்காமல் அந்த அம்மாவின் காதில் சொல்கிறது. இந்த வித்தியாசம் காவலாளியின் மண்டையில் ஏறவில்லை. இரவில் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் போதெல்லாம், அந்தரங்க அமைப்புகள் பக்கத்தில் வாயாடிக்குக் கொடுத்திருந்த அனுமதியைப் பிடுங்கிவிடும். காலையில் ‘இந்த மென்பொருள் திரையைப் படிக்க விரும்புகிறது, அனுமதிக்கலாமா?’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அந்தப் பெட்டியைப் படித்துச் சொல்ல வேண்டியது யார்? வாயாடி. அதன் வாயைத்தான் கட்டிப்போட்டாயிற்றே. இப்படியும் ஒரு புத்திசாலித்தனம்.

“சார், என் கம்ப்யூட்டருக்கு வாய் அடைச்சுப்போச்சு. எழுத்துல புகார் குடுக்கணும்னாங்க. எழுதறதுக்கே அதுதான் சார் வேணும். அதான் ஃபோன் போட்டேன்” என்றார் முதல் நாள்.

பூட்டு தன் இடத்திலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்து, அமைப்புகளைத் திறந்து, வாயாடியின் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் குறியிட்டார். அது மறுபடி எழுந்து பேசுகிற வரை இருவரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

“சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டார் அந்த அம்மா, சும்மா இருக்க வேண்டாமே என்று.

பூட்டு காதுக்கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டார். “ஆச்சும்மா” என்று பொய் சொன்னார்.

மறுநாளும் ஒன்பது ஐந்துக்கு ஃபோன் வந்தது. அதற்கு மறுநாளும். காத்திருக்கிற நேரத்தில் அந்த அம்மா முந்தைய நாள் வந்த முகவரிகளில் சிறந்ததைச் சொல்வார்.

“நேத்து ஒண்ணு சார். ‘மாமியார் வீட்டுக்கு எதிர் வீடு’. யாரோட மாமியார்னு எழுதல.”

“கண்டுபிடிச்சீங்களா?”

“கண்டுபிடிக்காம? பார்சல் வாங்கற அந்தம்மா, மாமியாருக்கும் ஒரு தடவை பார்சல் அனுப்பியிருக்காங்க. பழைய பதிவுல இருந்துச்சு. அதுல மாமியார் வீட்டை எப்படி எழுதியிருக்காங்க தெரியுமா? ‘என் வீட்டுக்கு எதிர் வீடு’.”

பூட்டு வாய்விட்டுச் சிரித்தார். காலி அறையில் தன் சிரிப்பைக் கேட்டு அவருக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொரு நாள் அந்த அம்மா கேட்டார். “உங்க வீட்டு முகவரியை எப்படிச் சொல்லுவீங்க சார்? கதவு நம்பர் வேணாம். யாரைக் கேட்டா தெரியும்?”

பூட்டு நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். கீழ் வீட்டுக்காரர்? பால்காரர்? “யாரைக் கேட்டாலும் தெரியாதும்மா” என்றார்.

“அப்ப உங்க பார்சல் என் மேஜைக்குத்தான் வரும்” என்று சிரித்தார் அந்த அம்மா. நல்ல வேளையாக அப்போது வாயாடி பேசத் தொடங்கிவிட்டது.

இதுவரை பூட்டின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான்காம் நாளே முறையாக விண்ணப்பம் எழுதினார். வாயாடியைக் காவலாளியின் விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டால் அது அப்புறம் தொந்தரவு செய்யாது என்று விளக்கினார். பன்னிரண்டாம் நாள் மேலதிகாரியிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. ‘சேர்த்துக்கொள்ளலாம்.’

அன்று மத்தியானமே பட்டியலைத் திறந்தார். ஒரு வரி எழுத வேண்டும், சேமிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. விரலை விசையில் வைத்துக்கொண்டு ஏழு நாற்காலிகளையும் பார்த்தார். நாளைக்குக் காலையில் அந்த அம்மாவிடம் நல்ல செய்தியாகச் சொல்லிவிட்டுச் செய்யலாமே என்று தோன்றியது. பட்டியலை மூடினார்.

மறுநாள் காலை அந்த அம்மா, கிடங்குக்கு வந்திருந்த தன் தம்பி மகன் வாயாடியோடு சண்டை போட்ட கதையைச் சொன்னார். ‘நீ வேகமாப் பேசினா எனக்குப் புரியல, எங்க டீச்சர்கிட்டச் சொல்லிடுவேன்’ என்று அந்தக் குட்டி கணினியை மிரட்டியதாம். அந்தச் சிரிப்புக்கு நடுவே பட்டியலைப் பற்றிச் சொல்ல எப்படி மனம் வரும்? நாளைக்குச் சொல்லலாம். அதற்கடுத்த நாள், காவலாளியின் புதிய பதிப்பு வரப்போகிறதே, வரட்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். புதிய பதிப்பு வந்தது, போனது. இன்னும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார், யாரும் கேட்காமலேயே. ஒரு மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள உட்கார்ந்துவிட்டால் அவனைப் பிடிக்க எந்த மென்பொருளும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் மெதுவாகச் செய்தார். நான்கு நிமிடத்தில் முடிகிறதைப் பத்தாக்கினார், சில நாள் பதினைந்தாக்கினார். கட்டத்தின் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு, அழுத்தாமல், “இன்னும் கொஞ்சம் இருங்கம்மா, வருது” என்பார். அனுமதி வந்த பிறகு இப்படி நாற்பத்தேழு காலைகள்.

நாற்பத்தேழாம் நாள் ஒரு வியாழக்கிழமை. அந்த அம்மா முகவரி எதுவும் சொல்லவில்லை.

“நாளையோட உங்களுக்குத் தொல்லை விட்டுது சார்” என்றார்.

“ஏம்மா? லீவா?”

“திங்கள்கிழமையிலிருந்து என்னைக் கீழே லேபிள் ஒட்டற இடத்துக்கு மாத்திட்டாங்க. அங்க கம்ப்யூட்டர் கிடையாது. தடவிப் பாத்து ஒட்டினாப் போதும்.”

பூட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாவே விளக்கினார். காலை பத்து மணிக்கு முதல் வண்டி கிளம்பும். பத்துக்குள் திருத்திய முகவரிகள் அன்றைக்கே போகும், மற்றவை மறுநாளைக்கு. அதனால் முதல் ஒரு மணி நேரத்தில் யார் எத்தனை திருத்தினார்கள் என்பதைத்தான் மேற்பார்வையாளர் பார்ப்பார். மற்றவர்கள் இருபது, இருபத்திரண்டு. இரண்டு மாதமாக இந்த அம்மா பதினாலு, பதினைந்தைத் தாண்டவில்லை.

“கெட்ட மனுஷி இல்ல சார் அவங்க. உனக்கு வயசாகுது, பாவம், கஷ்டப்படாதேன்னு சொல்லித்தான் மாத்தறாங்க. கம்ப்யூட்டர்ல பிரச்சினைன்னு சொன்னேன். ரெண்டு மாசமாவா சரி பண்ணாம இருப்பாங்கன்னு கேட்டாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. பதினோரு வருஷம் சார். இந்த வேலைக்குக் கண்ணு வேணும்னு சொன்னவங்க முன்னாடி உக்காந்து செஞ்ச வேலை.”

பூட்டின் சுட்டி அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றிருந்தது. அவசரமாக அழுத்தினார். அவர் கை அவ்வளவு வேகமாக வேலை செய்து இரண்டு மாதமாகியிருந்தது.

ஃபோனை வைத்ததும் பட்டியலைத் திறந்தார். ஒரு வரி எழுதினார். சேமித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது. அதற்கப்புறம் அன்றைக்கு அவருக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது ஐந்துக்கு ஃபோன் அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும். தெரிந்தும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பளிச் சட்டையின் கை ஆடிக்கொண்டிருந்தது.

பத்து ஐந்துக்கு அடித்தது.

“சார்! இருபத்தாறு!” என்றார் அந்த அம்மா மூச்சு வாங்க. “காலையில உக்காந்ததுமே வாயாடி பேசிடுச்சு சார், யாரும் தொடல. பத்து மணிக்குள்ள இருபத்தாறு! யாரும் இவ்வளவு பண்ணினதில்ல. கடைசி நாள்ல பண்ணி என்ன, அது வேற விஷயம். நீங்கதானே சரி பண்ணினீங்க? நல்லா இருப்பீங்க சார். என்ன பண்ணீங்க?”

“ஒரு வரிதான்மா சேத்தேன்.”

“ஒரு வரியா! அதை முன்னாடியே சேக்க முடியாதா சார்?”

அந்த அம்மா எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் கேட்டார். நேற்றுதான் அனுமதி வந்தது என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அந்தப் பொய் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. பூட்டு அதை மென்று விழுங்கினார்.

“முடியும். அனுமதி வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நான்தான் சேக்கல.”

“மறந்துட்டீங்களா?”

“இல்லம்மா. தினமும் ஞாபகம் இருந்துச்சு.”

அந்தப் பக்கம் யாரோ பார்சலுக்கு ஒட்டும் நாடாவைச் சரக்கென்று இழுக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு முறை கேட்டது.

“அப்புறம் ஏன் சார்?”

“சேத்துட்டா நீங்க கூப்பிட மாட்டீங்களே. இங்க எனக்கு வேற ஃபோன் வராதும்மா. சாப்பிட்டீங்களான்னு நீங்க ஒருத்தர்தான் கேப்பீங்க. இவ்வளவு தூரம் வரும்னு நெனைக்கல. தப்புதான்.”

அந்த அம்மா கத்துவார் என்று பூட்டு எதிர்பார்த்தார். கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“காலையில வாயாடி பேசலன்னா எனக்கு எப்படி இருக்கும்னு தெரியுமா சார்? சுத்தி எல்லாரும் தட்டிக்கிட்டிருப்பாங்க. அந்தச் சத்தம் காதுல விழும். நான் மட்டும் கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எல்லாரும் என்னைப் பாக்கறாங்களா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. நான் உங்ககிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? அந்தச் சங்கடத்தை மறைக்கத்தான் சார்.”

பூட்டு சுட்டியிலிருந்து கையை எடுத்தார்.

“பேசணும்னா பேசணும்னு கேட்டிருக்கலாமே. மத்தியானம் நானே கூப்பிட்டிருப்பேன். எனக்கு மட்டும் இங்க யாரு இருக்கா? சாப்பாட்டு நேரத்துல தனியாத்தான் உக்காந்திருக்கேன். நீங்க என்னடான்னா, வீட்டை நீங்களே பூட்டி வச்சுக்கிட்டு, வெளியில நிக்கறவளோட சேந்து சாவி தேடினீங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது அவருக்கு.

“இதை எழுத்துல குடுங்க” என்றார் அந்த அம்மா. “அனுமதி வந்த தேதி, தினமும் நான் எத்தனை நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன், எல்லாம்.”

“குடுக்கறேன்மா.”

“இன்னைக்கே.”

“இன்னைக்கே.”

“வைக்கறேன் சார்.”

பூட்டு பூசி மெழுகாமல் எழுதினார். நாற்பத்தேழு நாள், எந்த நாள் எத்தனை நிமிடம் என்று காவலாளியே பதிவு செய்து வைத்திருந்தது. வேறு எதற்கு உதவாவிட்டாலும் இதற்கு உதவியது. அந்த நிமிடங்களைக் கழித்துப் பார்த்தால் முகவரிப் பிரிவில் அந்த அம்மாவை மிஞ்ச ஆளில்லை. அதையும் எழுதினார். அனுமதிக் கடிதத்தை இணைத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பினார், ஒரு நகலைத் தன் மேலதிகாரிக்கும் போட்டார். காரணம் என்ற இடத்தில் மட்டும் வெகுநேரம் தடுமாறி, கடைசியில் ‘என் சொந்தத் தவறு’ என்று எழுதினார்.

மாலைக்குள் மேலதிகாரி திரையில் தோன்றினார். “உங்களுக்கென்ன பைத்தியமா? மறந்துட்டேன்னு சொல்லியிருந்தாப் போயிருக்குமே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. இனிமேல் ஊழியர்களோடு நேரடிப் பேச்சு வேண்டாம், எழுத்தில் வருகிற புகார்களை மட்டும் பார்த்தால் போதும் என்று முடிவாயிற்று. திங்கள்கிழமை காலை ஒரு ஊழியர் வந்து தொலைபேசியையும் காதுக்கருவியையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மேஜையில் தொலைபேசி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது.

மாற்றல் ரத்தாகி, முகவரிக்காரம்மா தன் நாற்காலியிலேயே இருந்தார். எல்லாக் கணினிகளும் வரிசையாகத் தெரிகிற பலகையில் பூட்டு அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது மணிக்கு அந்த அம்மாவின் கணினிக்கு எதிரே பச்சைப் புள்ளி எரிந்தது. அதற்குக் கீழே வாயாடி, ‘அனுமதிக்கப்பட்டது’. ஒன்பது ஐந்துக்கும் எரிந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புள்ளி, கணினியை யாரும் தொடவில்லை என்று காட்டுகிற மஞ்சளாக மாறி, ஒரு மணி நேரம் அப்படியே இருந்தது. பூட்டு தன் சாப்பாட்டைத் திறக்காமல் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி வாக்கில் ஒரு படிவம் வந்தது. புகார் தீர்ந்து மூடப்பட்டால், புகார் கொடுத்தவருக்குக் கம்பெனி தானாக அனுப்புகிற கருத்துப் படிவம். அந்த அம்மா அதை நிரப்பியிருந்தார்.

பூட்டுக்கு அதைத் தன் கண்ணால் படிக்கத் துணிவு வரவில்லை. எல்லாக் கணினியிலும் வாயாடி மாதிரி ஒன்று தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தன்னுடையதில் இருந்ததை எழுப்பினார். உடனே காவலாளி வந்து நின்றது. ‘இந்த மென்பொருள் திரையைப் படிக்க விரும்புகிறது, அனுமதிக்கலாமா?’ அனுமதித்தார். தொலைபேசி போன பிறகு அந்த அறையில் முதன்முதலாக ஒரு குரல் கேட்டது. கோபமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல் அது படித்தது.

“உங்கள் பிரச்சினை தீர்ந்ததா? ஆம். உதவியாளர் மரியாதையாகப் பேசினாரா? ஆம். எங்களை மீண்டும் அழைப்பீர்களா? அவசியம் இருக்காது.”

பூட்டு கடைசி வரிக்குத் திரும்பிப் போய் அதை இன்னொரு முறை படிக்க வைத்தார். அதே குரலில், அதே வேகத்தில் படித்தது. பிறகு, நிறுத்தச் சொல்ல அவருக்குத் தோன்றாததால், திரையில் அடுத்து இருந்ததையும் அது படித்துக்கொண்டே போனது. “நிலுவையில் உள்ள புகார்கள், பூஜ்யம். புதிய செய்திகள், பூஜ்யம். நேரம், மூன்று மணி ஆறு நிமிடம்.”